டபுள் காட்டும் டிஸ்கோவும்

போன மாசம் ஒரு ஃபர்னிச்சர் கடையில் பொய் சொன்னேன். சிங்கிள் காட் ஒண்ணு வேணும்னு கேட்டதும் கடைக்காரர், "பையனுக்கா சார்?" என்றார். பையன் வேலைக்குப் போய் வெளியூரில் இருக்கிறான். "இல்ல, கெஸ்ட் ரூமுக்கு" என்றேன். எங்கள் வீட்டில் கெஸ்ட் ரூம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

விஷயம் இதுதான். கல்யாணமாகி 27 வருஷம். ஒரு வருஷமாக எனக்கு வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் ஒருக்களித்தால் உயிர் போகிறது. இடது பக்கம் திரும்பினால் குறட்டை நேராக மனைவியின் காதில். அவருக்கு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் நாலு மணி வரை தூக்கம் இல்லை. கடைசியில் அவர்தான் சொன்னார்: "ஏங்க, இன்னொரு கட்டில் வாங்கிடலாமே. ஒரே ரூம்ல தள்ளிப் போட்டுக்கலாம்." நல்ல யோசனைதான். எனக்கு ஏனோ கூச்சமாக இருந்தது. கட்டில் வந்து இறங்கிய அன்று அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏண்டா, ரெண்டு பேருக்கும் ஏதாவது மனஸ்தாபமா?" என்று கேட்டபோது கூச்சம் இன்னும் அதிகமானது.

இரண்டு பேர் ஒரே கட்டிலில் ஒட்டிப் படுத்தால் அன்பு, தள்ளிப் படுத்தால் பிரச்சினை என்கிற இந்தக் கணக்கை யார் போட்டது? எனக்கு ஒரு கேள்வி வந்தால் படித்துத் தீர்க்கிற வியாதி உண்டு என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். கட்டில் வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தேன். அதே சமயம் என் மேஜையில் வேறொரு நோட்டும் திறந்து கிடந்தது. மனைவி போனி எம், அபா ரசிகை. சமையலறையில் 'டாடி கூல்' ஓடாத நாள் கிடையாது. அவருக்காகவே டிஸ்கோ வரலாற்றைப் பற்றி ஒரு பதிவு எழுதலாம் என்று கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்ததும் ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. கட்டிலில் ஜோடிகள் விலகிப் படுத்த காலத்தில் ஆடுதளத்தில் இறுகப் பிடித்துக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். ஆடுதளத்தில் கையை விட்டதும், கட்டிலில் ஒட்டிக்கொண்டார்கள். இரண்டு கோடும் 1960ஐ ஒட்டி ஒன்றை ஒன்று தாண்டிப் போகின்றன.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இது முக்கியமாக இங்கிலாந்து, அமெரிக்கா கதை. டபுள் பெட், டான்ஸ் பாப் இரண்டுக்கும் அர்த்தம் கொடுத்த ஊர்கள் அவை. நம்ம ஊர் கடைசியில் கொஞ்சம் வரும்.

ஒரு கட்டில், பல குடும்பம்

லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் ஒரு ராட்சசக் கட்டில் இருக்கிறது. 'வேர் ஊர்ப் பெரிய கட்டில்' என்று பெயர். 1590களில் செய்தது. ஹெர்ட்ஃபோர்ட்ஷைர் பகுதியில் வேர் என்கிற ஊரில் ஒரு சத்திரத்தில் கிடந்தது. அகலம் 3 மீட்டருக்கும் மேல். நாலு ஜோடி சௌகரியமாகப் படுக்கலாம் என்பார்கள். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில்கூட இந்தக் கட்டில் பற்றிப் பேச்சு வருகிறது. விளம்பரத்துக்காகச் செய்த கட்டிலாக இருக்கலாம். ஆனால் பல பேர் ஒரே கட்டிலில் படுப்பது அன்றைக்கு அதிசயமே இல்லை. சத்திரத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஒரே படுக்கையைப் பகிர்ந்துகொள்வார்கள். வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் ஒரே மெத்தையில் கிடப்பார்கள். கட்டிலும் மெத்தையும்தான் வீட்டிலேயே விலை அதிகமான பொருள். குளிருக்கும் ஆள் வேண்டும்.

ரோஜர் எகிர்ச் என்ற வரலாற்றாசிரியர் 2005ல் எழுதிய இரவு பற்றிய புத்தகத்தில் இன்னொரு விஷயமும் சொல்கிறார். அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் பலர் இரவை இரண்டு தவணையாகத் தூங்கியிருக்கிறார்கள். முதல் தூக்கம், நடுவில் ஒரு மணி நேரம் போல விழிப்பு, பிறகு இரண்டாம் தூக்கம். அந்த நடு விழிப்பில் பிரார்த்தனை, பேச்சு, தாம்பத்தியம் எல்லாம் நடக்கும். எங்கள் வீட்டு இரண்டு மணி விழிப்பு அந்தக் காலத்தில் வியாதியாகத் தெரிந்திருக்காது.

ஆக, ஒரே கட்டிலில் படுப்பது அப்போது காதலின் அடையாளம் இல்லை. செலவு, குளிர், பாதுகாப்பு. அவ்வளவுதான்.

டாக்டர்கள் கட்டிலைப் பிரித்த கதை

தம்பதிக்கு இரண்டு கட்டில் என்கிற யோசனை முதலில் வெயிலுக்காக வந்தது. தாமஸ் ஷெராட்டன் என்ற புகழ்பெற்ற மரச்சாமான் வடிவமைப்பாளர் 1790களில் வெளியிட்ட புத்தகத்தில் 'கோடைக் கட்டில்' என்று ஒரு படம் இருக்கிறது. மேலே ஒரே வளைவு, கீழே நடுவில் இடைவெளி விட்டு இரண்டு படுக்கை. பிரபுவும் அவர் மனைவியும் புழுக்கமான நாட்களில் தனித்தனியாகப் படுப்பதற்கு. அதில் ஒரு சங்கடமும் இல்லை, சௌகரியம்தான்.

19ஆம் நூற்றாண்டில் சௌகரியம் போய் பயம் வந்தது. அப்போது நோய் என்பது கெட்ட காற்றில் பரவுகிறது என்று நம்பினார்கள். மூடிய அறையில், ஒரே கட்டிலில், ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுப்பதா? அமெரிக்காவில் வில்லியம் விட்டி ஹால் என்ற டாக்டர் 1861ல் தூக்கத்தின் சுகாதாரம் பற்றி ஒரு புத்தகமே போட்டார். ஆளுக்கு ஒரு கட்டில், பெரிய அறை, சுத்தமான காற்று. இல்லாவிட்டால் ஆயுசு குறையும் என்பது அவர் கட்சி. இங்கிலாந்தில் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன் என்ற டாக்டர் 1880களில் இதையே எழுதினார். பலமானவரின் சக்தியைப் பலவீனமானவர் தூக்கத்தில் உறிஞ்சிவிடுவார் என்றுகூட அன்றைய சுகாதாரப் புத்தகங்களில் ஒரு பேச்சு உண்டு. இப்போது சிரிப்பு வருகிறது. ஆனால் படித்தவர்கள் நம்பினார்கள்.

கிருமிகள் கண்டுபிடிக்கப்பட்டு அந்தக் கெட்ட காற்றுக் கொள்கை செத்துப்போன பிறகும், பக்கத்துப் பக்கத்தில் போடும் இரண்டு ஒற்றைக் கட்டில், அதாவது ட்வின் பெட், போகவில்லை. 1920, 30களில் அதுதான் ஃபேஷன். ஹிலாரி ஹைண்ட்ஸ் என்ற ஆய்வாளர் 2019ல் ட்வின் பெட்டுக்கென்றே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அவர் காட்டுகிற ஒரு விஷயம் எனக்குப் பெரிய ஆச்சரியம். ட்வின் பெட் வாங்கிய தம்பதிகள் சண்டைக்காரர்கள் இல்லை. 'நாங்க மாடர்ன்' என்று சொல்லிக்கொண்டவர்கள். சுத்தம், ஆரோக்கியம், அதோடு கணவனும் மனைவியும் சமம், ஆளுக்கு ஓர் இடம். தள்ளிப் படுப்பது அன்றைக்கு மரியாதை.

பழைய ஹாலிவுட் படங்களில் புருஷன் பெண்டாட்டி தனித்தனிக் கட்டிலில் படுத்திருப்பதைப் பார்த்து, 'இவங்களுக்கு என்ன ஆச்சு?' என்று யோசித்திருப்பீர்கள். அதற்கு இந்த ஃபேஷனும் காரணம், தணிக்கையும் காரணம். 1930ல் எழுதி 1934லிருந்து கண்டிப்பாக அமலான திரைப்பட விதிகள், படுக்கையறைக் காட்சிகளில் நாகரிகம் வேண்டும் என்றுதான் சொல்லின. இரண்டு கட்டில் போடு என்று எழுதவில்லை. ஸ்டூடியோக்கள் வம்பு வேண்டாம் என்று இரண்டு கட்டில் போட்டுவிட்டன. 1951ல் ஆரம்பித்த 'ஐ லவ் லூசி' டிவி தொடரில் நடித்த லூசில் பாலும் டெசி அர்னாஸும் நிஜத்திலேயே கணவன் மனைவி. அவர்களுக்கும் இரண்டு கட்டில்தான்.

அதே நாட்களில், ஆடுதளத்தில்

இப்போது இரண்டாவது நோட்டுக்கு வருவோம். படுக்கையில் மூச்சுக்காற்றுகூடப் படக் கூடாது என்று டாக்டர்கள் எழுதிக்கொண்டிருந்த அதே நாட்களில், சாயங்காலம் அந்த ஜோடிகள் எப்படி ஆடினார்கள்?

அதற்கு முந்தைய ஆங்கில நாட்டியங்களில் வரிசையாக நிற்பார்கள், விரல் நுனியைத் தொடுவார்கள், ஆள் மாற்றிக்கொள்வார்கள். வால்ட்ஸ் வந்ததும் ஆண் பெண்ணின் முதுகில் கை வைத்து, முகத்தோடு முகம் பார்த்து, அறையைச் சுற்றிச் சுழல ஆரம்பித்தான். 1816 ஜூலையில் இளவரசர் ரீஜண்டின் விருந்தில் வால்ட்ஸ் ஆடியதற்காக 'தி டைம்ஸ்' பத்திரிகை கோபித்துக்கொண்டு எழுதியது. அந்நிய நாட்டு அநாகரிக நடனம் என்று. நூறு வருஷம் கழித்து வால்ட்ஸ் பாட்டி காலத்து விஷயமாகிவிட்டது. டாங்கோ வந்தது, 1914ல் ஃபாக்ஸ்ட்ராட் வந்தது. வெர்னன், ஐரீன் காஸில் என்ற தம்பதி அமெரிக்க நடுத்தர வர்க்கத்துக்கே இவற்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். 1919ல் லண்டனில் ஹாமர்ஸ்மித் பாலே என்ற பொது நடனக்கூடம் திறந்தது. கடைப் பெண்ணும் குமாஸ்தாவும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், கட்டிப் பிடித்து ஆடலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். விக்டர் சில்வெஸ்டர் என்பவர் 1930களில் ஆடுவதற்கென்றே தாளம் பிசகாத இசைத்தட்டுகள் போட்டுப் பெரிய ஆளானார். பாட்டு கேட்பதற்கு இல்லை, காலடி வைப்பதற்கு. இன்றைய டான்ஸ் பாப்புக்கு அவரை ஒரு தாத்தா என்றே சொல்லலாம்.

ஆக, ஒரு 1935ஆம் வருஷத்து லண்டன் தம்பதியைக் கற்பனை செய்து பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஊரே பார்க்க நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி ஃபாக்ஸ்ட்ராட். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, ஆளுக்கு ஒரு கட்டில். அவர்களுக்கு இதில் முரண்பாடே தெரிந்திருக்காது.

ட்விஸ்ட் வந்த வருஷம்

ஹாங்க் பாலர்ட் என்ற கறுப்பினப் பாடகர் எழுதிப் பாடிய 'தி ட்விஸ்ட்' பாட்டை 1960ல் சப்பி செக்கர் மறுபடி பாடி டிவியில் ஆடிக் காட்டினார். அந்த வருஷம் செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடம். ஆடுவதற்கு வாத்தியார் தேவையில்லை. ஒரு காலால் சிகரெட்டை நசுக்குகிற மாதிரி, குளித்துவிட்டு முதுகைத் துண்டால் துடைக்கிற மாதிரி, அவ்வளவுதான் ட்விஸ்ட். 1961ல் நியூயார்க்கில் பெப்பர்மின்ட் லவுஞ்ச் என்ற சின்ன பாரில் பணக்காரர்களும் சினிமாக்காரர்களும் வந்து ட்விஸ்ட் ஆட ஆரம்பித்தார்கள். பெரியவர்களும் பிடித்துக்கொண்டதால் அதே பாட்டு 1962 ஜனவரியில் மறுபடி முதலிடத்துக்குப் போனது.

இந்த ஆட்டத்தில் யாரும் யாரையும் தொடுவதில்லை. இதனால் நடந்த பெரிய மாற்றம் பெண்களுக்கு. அதுவரை ஒரு ஆண் வந்து கை நீட்டும்வரை சுவரோரம் காத்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்புவது என்பதையும் அவன்தான் முடிவு செய்வான். இப்போது பாட்டு ஆரம்பித்தால் போய் ஆடலாம். ஜோடியாக வந்தாலும் ஆளுக்கு ஓர் இடம். கட்டில் விஷயத்தில் ட்வின் பெட் சொன்ன அதே 'சமம்' பேச்சு, நாற்பது வருஷம் கழித்து ஆடுதளத்துக்கு வந்துவிட்டது.

அந்த நேரம் படுக்கையறையில் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நல்ல கல்யாணம் என்றால் நெருக்கம் என்று ஆலோசகர்கள் எழுதத் தொடங்கினார்கள். தாம்பத்தியம் பற்றி 1918லேயே எழுதிப் பெயர் வாங்கிய மேரி ஸ்டோப்ஸ், 1956ல் தூக்கம் பற்றி எழுதிய புத்தகத்தில் ட்வின் பெட்டைப் பிசாசின் கண்டுபிடிப்பு என்கிற அளவுக்குத் திட்டினார். முந்தின தலைமுறைக்கு மாடர்னாக இருந்த இரண்டு கட்டில், இப்போது ஆறிப்போன கல்யாணத்தின் அடையாளம். 1964ல் டெரன்ஸ் கான்ரன் லண்டனில் திறந்த ஹேபிடாட் கடை, பல அடுக்குப் போர்வைக்குப் பதிலாக ஒரே பஞ்சு ரஜாய் போன்ற டூவேயைப் பிரபலமாக்கியது. இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள். 1969ல் ஜான் லெனானும் யோகோ ஓனோவும் ஆம்ஸ்டர்டாம் ஹோட்டல் கட்டிலில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து அமைதிப் பிரசாரம் செய்தார்கள். தம்பதியின் கட்டில் ஊர் பார்க்கிற காட்சியானது இப்படித்தான்.

டிஸ்கோ: கட்டிலே ஆடுதளத்துக்கு வந்தது

1970 பிப்ரவரி 14, காதலர் தினம். டேவிட் மான்குசோ என்பவர் நியூயார்க்கில் தான் குடியிருந்த மாடியிலேயே ஒரு நடன விருந்து வைத்தார். பிறகு 'தி லாஃப்ட்' என்று பெயர் பெற்றது இதுதான். அழைப்பு இருந்தால்தான் உள்ளே போகலாம், மது விற்பனை கிடையாது, பாட்டு மட்டும் விடிய விடிய. ஆணும் ஆணும் ஜோடியாக ஆடினால் போலீஸ் வந்துகொண்டிருந்த ஊரில், ஜோடி என்கிற கணக்கே இல்லாமல் எல்லாரும் ஒரே கூட்டமாக ஆடினார்கள். டிஸ்கோவின் வேர் அங்கேதான். கறுப்பினத்தவர், லத்தீனோக்கள், ஓரினக் காதலர்கள் என்று ஜோடி நடனக்கூடங்களில் இடம் கிடைக்காதவர்கள் கட்டிய வீடு அது.

பிறகு 1975ல் 'லவ் டு லவ் யூ பேபி'. டோனா சம்மர் பாடியது. ஜெர்மனியில் மியூனிக் நகரில் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலாட்டும் தயாரித்தது. கூச்சமாக இருந்ததால் ஸ்டூடியோ விளக்கைக் குறைத்துவிட்டு, தரையில் படுத்துக்கொண்டே பாடினாராம் டோனா. அமெரிக்க கம்பெனி முதலாளி நீல் போகார்ட், 'இதை இன்னும் நீளமா பண்ணுங்க' என்றார். கிட்டத்தட்ட 17 நிமிஷம், இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கம். படுக்கையறை முனகல்களுக்காக பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. அதனால் என்ன, டிஸ்கோக்களில் தனித்தனியாக நின்று ஆடுகிற நூறு பேர் நடுவில் அந்த முனகல் ஒலித்தது. கட்டிலின் நெருக்கம் முழுக்க ஒலிபெருக்கியில் இருந்தது. ஆடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் தொடவில்லை.

1977ல் அதே மூவர் 'ஐ ஃபீல் லவ்' செய்தார்கள். பேஸ் முழுக்க சின்தசைசர். இன்றைக்கு நாம் டான்ஸ் பாப் என்று கேட்பதில் பெரும்பகுதிக்கு அதுதான் மூலம். அந்த வருஷ டிசம்பரில் 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படம் வந்தது. அதில் ஜான் டிரவோல்டாவின் பிரபலமான ஆட்டம் தனி ஆட்டம்தான். கூடவே ஜோடியாகக் கை பிடித்து ஆடுகிற ஹஸ்ஸில் நடனமும் அந்த வருஷங்களில் திரும்பி வந்தது. வரலாறு ஒரே கோடாகப் போகாது இல்லையா.

என் இரண்டு நோட்டிலும் 1977க்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன். காரணம், அதே வருஷம் நியூயார்க்கில் சாமுவேல் டங்கெல் என்ற மனநல மருத்துவர் 'ஸ்லீப் பொசிஷன்ஸ்' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். நீங்கள் படுக்கிற விதம் உங்கள் குணத்தைச் சொல்லும், தம்பதி படுக்கிற விதம் அவர்கள் உறவைச் சொல்லும் என்பது அவர் வாதம். ஒரே பக்கம் திரும்பி ஒருவரை ஒருவர் ஒட்டி, டிராயரில் அடுக்கிய ஸ்பூன் மாதிரி படுப்பது, கட்டிப் பிடித்துப் படுப்பது, முதுகைக் காட்டிப் படுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம். இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் வருகிற 'நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள்? உங்கள் காதல் எப்படிப்பட்டது?' படங்கள் எல்லாம் இந்தப் பரம்பரை. ஆடுதளத்தில் ஜோடிகள் கையை விட்டு முழுசாகத் தனித்தனியாக ஆடிய நேரத்தில், அவர்களின் நெருக்கத்தை அளக்கிற வேலை மொத்தமும் கட்டிலின் தலையில் வந்து விழுந்தது. பாவம், தூங்குவதற்கு வாங்கிய கட்டில்.

அப்ப எப்படித்தான் படுக்கறது?

2014ல் எடின்பரோ அறிவியல் விழாவுக்காக ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியல் பேராசிரியர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார். தம்பதிகளில் 42 சதவீதம் பேர் முதுகோடு முதுகு காட்டிப் படுக்கிறார்கள். 31 சதவீதம் ஒரே பக்கம் பார்த்து. முகத்தோடு முகம் பார்த்துத் தூங்குபவர்கள் 4 சதவீதம்தான். தொட்டுக்கொண்டு தூங்குகிறவர்களில் 94 சதவீதம் பேர் உறவில் சந்தோஷம் என்றார்கள். தொடாதவர்களில் 68 சதவீதம். பத்திரிகைகள் முதல் எண்ணைத்தான் தலைப்பாக்கின. நான் இரண்டாவது எண்ணைப் பலமுறை பார்த்தேன். தொடாமல் தூங்குகிறவர்களிலும் மூன்றில் இரண்டு பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள்! தவிர, தொடுவதால் சந்தோஷமா, சந்தோஷமாக இருப்பதால் தொடுகிறார்களா என்பதை இப்படிப்பட்ட கணக்கெடுப்பு சொல்ல முடியாது. தோள்பட்டை வலி இருக்கிறதா என்றும் அது கேட்பதில்லை.

இடத்தின் கணக்கு இன்னும் நேரடியானது. பிரிட்டிஷ் டபுள் பெட்டின் வழக்கமான அகலம் 4 அடி 6 அங்குலம். ஆளுக்கு 27 அங்குலம். கைக்குழந்தைக்கு வாங்குகிற தொட்டில் கட்டிலின் அகலமும் ஏறக்குறைய அதுதான். தூக்கத்தில் நாம் பலமுறை புரளுகிறோம். இரண்டு பெரியவர்கள், ஆளுக்கு ஒரு குழந்தைக் கட்டில் அகலத்தில், இரவு முழுக்க ஒட்டிக்கொண்டு அசையாமல் இருப்பது சினிமாவில்தான் நடக்கும்.

டாக்டர்களுக்கு 'ஹனிமூன் பால்சி' என்றே ஒரு பெயர் உண்டு. துணையின் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு இரவு முழுக்கத் தூங்கினால், மேல்கையில் ஓடும் நரம்பு அழுந்தி, காலையில் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகும். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், ஆனால் வாரக்கணக்கில் ஆகலாம். குடித்துவிட்டு நாற்காலி முதுகில் கையைத் தொங்கவிட்டுத் தூங்கினால் வருவதும் இதேதான். அதற்குப் பெயர் 'சாட்டர்டே நைட் பால்சி'. சனிக்கிழமை இரவின் ஜுரம் ஒரு பக்கம், வாதம் ஒரு பக்கம்.

என் பிசியோதெரபிஸ்ட் சொன்னதையும் படித்ததையும் சேர்த்துச் சுருக்கமாக: குறட்டைக்கு மல்லாந்து படுப்பதைவிட ஒருக்களிப்பது நல்லது. சாப்பாடு எதுக்களிக்கிறவர்களுக்கு இடது பக்கம். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, மல்லாந்தால் முழங்காலுக்கு அடியில் ஒன்று. இடுப்பு நன்றி சொல்லும். வலிக்கிற தோளை மேலே வைத்து, அந்தக் கைக்குத் தாங்கலாக நெஞ்சோடு ஒரு தலையணையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஸ்பூன் மாதிரி ஒட்டிப் படுக்க ஆசை என்றால் தூங்கப் போகும் முதல் பதினைந்து நிமிஷம் தாராளமாகப் படுங்கள்; கண் சொக்கும்போது கையை எடுத்துவிடுங்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஒரே கட்டிலில் ஆளுக்கு ஒரு போர்வை என்பது சாதாரண வழக்கம். அங்கே யாரும் அதற்காக மாமியாரிடம் விளக்கம் சொல்வதில்லை.

அம்மாவும் கடைக்காரரும்

இதையெல்லாம் படித்து முடித்த தைரியத்தில் அம்மாவிடம் திருப்பிக் கேட்டேன். "நீயும் அப்பாவும் எங்கம்மா படுத்தீங்க?"

"உங்கப்பா மொட்டை மாடியில. நான் கூடத்துல உங்க மூணு பேரோட. ஆச்சி அடுப்படிக்கு வெளிய, தாத்தா திண்ணைல."

"யாராவது மனஸ்தாபமான்னு கேட்டாங்களா?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "பாய்தானடா. எங்க காத்து வருதோ அங்க விரிச்சுக்கறது. கட்டில்னு ஒண்ணு சீர்ல வந்தப்புறம்தான் இதெல்லாம்."

என் கல்யாணத்தில் சீராக வந்த டபுள் காட் பற்றித்தான் சொன்னார். ரெண்டு தலையணை, ஒரே மெத்தை, தலைமாட்டில் ரோஜாப்பூ வேலைப்பாடு. அந்த மரக்கட்டிலோடு, மேரி ஸ்டோப்ஸ் காலத்து அர்த்தமும் எப்படியோ எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது. விக்டோரியா காலத்து டாக்டர் பார்த்திருந்தால் எங்கள் புதுக் கட்டிலுக்கு சபாஷ் சொல்லியிருப்பார். ஷெராட்டன், வெயில் அதிகமோ என்று கேட்டிருப்பார். கூச்சப்பட்டது நான் மட்டும்தான்.

இன்னொரு குறிப்பை இங்கே சேர்த்துவிடுகிறேன். 1979ல் சோனி வெளியிட்ட முதல் வாக்மேனில் இயர்போன் மாட்ட இரண்டு துளைகள் இருந்தன. சோனியின் அகியோ மொரிட்டா சோதனை மாடலை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருந்தபோது, தன்னை வெளியே தள்ளிவிட்ட மாதிரி மனைவி எரிச்சலானதைக் கவனித்தாராம். உடனே இரண்டு பேர் கேட்கிற மாதிரி மாற்றச் சொன்னார். பாட்டைத் தணித்து ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டன்கூட வைத்தார்கள். பிறகு வந்த மாடல்களில் அந்த பட்டன் காணாமல் போனது.

எங்கள் அறையில் இப்போது இரண்டு கட்டில். நடுவில் துடைப்பம் போகிற அளவுக்கு இடைவெளி. ராத்திரி ஒன்பதரைக்கு மனைவியின் கட்டிலில் இரண்டு பேரும் உட்கார்ந்து அரை மணி நேரம் பாட்டு. போனி எம், டோனா சம்மர், அபா. சில நாள் அவர் எழுந்து ஆடுவார். நான் வலது கையைத் தூக்க முடியாததால் காலால் சிகரெட்டை மட்டும் நசுக்குவேன். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு அவரவர் இடம். இரண்டு மணி விழிப்பு அவருக்கு வாரத்தில் ஒரு நாளாகக் குறைந்திருக்கிறது.

போன வாரம் மெத்தை கொஞ்சம் மெலிதாக இருக்கிறது என்று மாற்ற அதே கடைக்குப் போனேன். "என்ன சார், கெஸ்ட் வந்தாங்களா?" என்றார் கடைக்காரர்.

"கெஸ்ட்டெல்லாம் இல்லங்க. எனக்குத்தான். தோள் வலி, குறட்டை, அதான் தனியா."

அவர் பில் புத்தகத்தை மூடிவிட்டு, "எங்க வீட்லயும் ரெண்டு வருஷமா அதான் சார்" என்றார். அப்புறம், "உயரம் பார்த்து வாங்கினீங்களா? ரெண்டு கட்டிலும் ஒரே உயரம் இருக்கணும். இல்லேன்னா ராத்திரி பேசும்போது கழுத்து வலிக்கும்" என்றார்.